ஒருவனை மட்டும் ‘சாமி’ என்று கூப்பிடவில்லை

பள்ளிக்கூடத்தில் சண்டை மூளுவதற்கு முன்னால் சத்தம் அடங்கும். உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். மதிய இடைவேளையில் மைதானம் முழுக்க இரைச்சலாக இருக்கும்போது ஏதோ ஒரு மூலையில் மட்டும் அது சட்டென்று நின்றுபோகும். திரும்பிப் பார்த்தால் பையன்கள் வட்டம் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பான். இன்னொருவன் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டு நிற்பான். அப்போது விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடந்துபோக வேண்டும். ஓடக் கூடாது. ஆசிரியர் ஓடினால் விஷயம் பெரிது என்று நினைத்து இன்னும் நாலு பேர் ஓடிவருவார்கள்.

என் பணிக்காலம் முழுவதும் கடலூர் மாவட்டத்தில், வடலூரைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் கழிந்தது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் அடிதடி என்றால் கடைசியில் பி.டி. சாரிடம்தான் வந்து நிற்கும். வகுப்பாசிரியர் இரண்டு பேரையும் மணிக்கட்டில் பிடித்து இழுத்துவந்து, “சார், இவனுங்கள என்னான்னு கேளுங்க” என்று விட்டுவிட்டுப் போவார். பந்துகளும் வலையும் சுண்ணாம்பு மூட்டையும் கிடக்கிற என் அறையில் அந்த இரண்டு பேரும் நிற்பார்கள். பிள்ளைகளின் முரட்டுத்தனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாம் அந்த அறையில் தெரிந்துகொண்டதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது கைகளை. கோபத்தில் அடித்தவனுக்குக் கை நடுங்கும், கண்ணில் நீர் கட்டியிருக்கும், மூச்சு அடங்காது. அவனிடம் அப்போது எதையும் கேட்டுப் பயனில்லை. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தால் கொஞ்ச நேரத்தில் அவனே சொல்லிவிடுவான். வீட்டில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குவான். இப்படிப்பட்டவர்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட்டதில்லை.

சட்டை கசங்காமல் வந்து நிற்பவன்தான் கவலைக்குரியவன். அவன் அடித்திருக்கவே மாட்டான், அடிக்கவைத்திருப்பான். அல்லது ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பான். அப்பா விட்டுப்போன வீட்டுப் பிள்ளையிடம் அப்பாவைப் பற்றித்தான் கேட்பான். திக்குவாய்ப் பையனிடம், அவனுக்கு எந்த எழுத்தில் நாக்கு சிக்குமோ அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லைச் சொல்லச் சொல்வான். எங்கே வலிக்கும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். ‘அடுத்தவன் வலி இவனுக்குப் புரியவில்லை’ என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை. அவனுக்குப் புரிந்த அளவு எங்கள் யாருக்கும் புரியவில்லை.

இங்கிலாந்தில் ஜான் சட்டன், பீட்டர் ஸ்மித், ஜான் ஸ்வெட்டன்ஹாம் ஆகியோர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 1999இல் வெளியானது. பிள்ளைகளுக்குக் கதைகள் சொல்லி, அதில் வருகிறவர் என்ன நினைத்திருப்பார், என்ன உணர்ந்திருப்பார் என்று கேட்டார்கள். மற்றவர்களைத் துன்புறுத்தும் கும்பலின் தலைவர்கள், அவர்கள் பின்னால் போகிறவர்களையும் துன்பப்படுகிறவர்களையும்விட நன்றாகவே விடை சொன்னார்கள். அதைப் படித்தபோது என் அறையில் சட்டை கசங்காமல் நின்ற முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அடுத்தவன் மனதைப் படிக்கும் திறமை அவர்களிடம் நிறையவே இருந்தது. அந்த வலி தன் மேலும் கொஞ்சம் படுவதுதான் இல்லாமல் இருந்தது. அறிவு ஓரிடம், இரக்கம் ஓரிடம். முன்னதைப் பாடம் நடத்திக் கொடுத்துவிடலாம். பின்னதை அப்படிக் கொடுக்க முடியாது.

காலைக் கூட்டத்தில் தினமும் ஒரு பிள்ளை வந்து குறளும் பொருளும் சொல்லும். இன்னா செய்யாமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் பிழையில்லாமல் ஒப்பித்துக் கைத்தட்டு வாங்கிய ஒருவன், அன்று மூன்றாவது பீரியட் முடிவதற்குள் ஆறாம் வகுப்புப் பையனின் சோற்றுப் பாத்திரத்தில் மண்ணைப் போட்டான். குறளின் மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. நூற்றுக்கணக்கான பேர் வெயிலில் வரிசையாக நிற்க, மைக்கில் சொல்லப்படும் ஒன்று ஒரு தனிப் பையனின் உடம்புக்குள் இறங்கிவிடும் என்று நாம் நம்புவதில்தான் குறை.

பிள்ளைகளின் பக்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கம் பள்ளிகளில் பாதி வகுப்பு கறுப்பும் காவியுமாக மாறிவிடும். ஐயப்பனுக்கு மாலை போட்ட பிள்ளைகள் செருப்பில்லாமல் வருவார்கள். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார்கள். வாயில் கெட்ட வார்த்தை வராது. முக்கியமாக, அவர்கள் பார்க்கிறவர்களையெல்லாம் ‘சாமி’ என்று அழைப்பார்கள். மற்றவர்களும் அவர்களை ‘சாமி’ என்பார்கள். ஆசிரியர்களும்கூட, “சாமி, அந்த சாக்பீஸ் எடுத்துட்டு வாங்க” என்பார்கள். வீட்டில் ‘டேய்’, தெருவில் ‘டேய்’, வகுப்பில் ‘டேய்’ என்றே கேட்டு வளர்ந்த பதினான்கு வயதுப் பையனை ஊரே மரியாதையாக அழைப்பது அந்த ஒரு காலத்தில்தான். அவன் நடையே மாறும். என் அறைக்கு வரும் வழக்குகள் அந்த நாள்களில் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். ரம்ஜான் நோன்பு வைத்த பிள்ளைகளிடமும் இந்த அடக்கத்தைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டுப் பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, தாகத்தோடு, மற்றவர்கள் ஆடுவதற்கு ஸ்கோர் எழுதித் தருவார்கள்.

அப்படி ஒரு கார்த்திகையில்தான் எங்கள் கபடி அணியின் ரைடர் மாலை போட்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பு. ஊர்த்தெருப் பையன். சட்டை கசங்காமல் என் அறையில் வந்து நின்ற பழைய கதைகளையெல்லாம் மறந்துவிடலாம் போலச் சாந்தமாக இருந்தான். என்னைச் சாமி என்றான், வாட்ச்மேனைச் சாமி என்றான், சத்துணவு ஆயாவைக்கூடச் சாமி என்றான். அணியில் லெஃப்ட் கார்னர் ஆடுகிற பையன் காலனியிலிருந்து வருகிறவன். அவனை மட்டும் ரைடர் எப்படியும் கூப்பிடவில்லை. பெயரும் இல்லை, சாமியும் இல்லை. பந்து எடுக்கச் சொல்வதென்றால் வேறு ஒருவனிடம் சொல்லி அவனைச் சொல்லவைத்தான். மாலை போட்டவன் வாயால் திட்டவில்லை, கை நீட்டவில்லை. விரதத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த வட்டத்துக்கு வெளியே ஒருவனை நிறுத்தியிருந்தான், அவ்வளவுதான்.

பக்தி பிள்ளைகளை நல்லவர்களாக்குமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு, யாரை அது ‘சாமி’ என்று கூப்பிடவைக்கிறது என்பதைப் பொறுத்தது என்றுதான் பதில் சொல்வேன். இதில் உலகம் ஒருமுறை அவசரப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ழான் டெசெட்டியும் மற்றவர்களும் ஆறு நாடுகளில் 1,170 பிள்ளைகளிடம் ஆய்வு செய்து, மதப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்ளும் குணம் குறைவு என்று 2015இல் எழுதினார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. நாடுகளைக் குறித்த எண்களைக் கணக்கில் கையாண்ட விதம் தவறு என்று அசீம் ஷெரீஃப் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். சரியாகக் கணக்கிட்டபோது முக்கிய முடிவு நிற்கவில்லை. 2019இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சாமி கும்பிடும் பிள்ளை இரக்கமற்றது என்பதற்கும் சான்றில்லை, கும்பிட்டால் இரக்கம் வந்துவிடும் என்பதற்கும் என் அனுபவத்தில் சான்றில்லை.

அந்த ரைடரின் வலது மணிக்கட்டில் மாலைக்கு முன்பும் பின்பும் ஒரு நிறக் கயிறு இருந்தது. கோயில் கயிறு என்பான். அவன் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே நிறம். எதிர்த் தெருவுக்கு வேறு நிறம். தெரு என்றால் சாதி என்று பொருள். சாமி பெயரைச் சொல்லிக் கட்டினால் ஆசிரியர் தொடமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பள்ளியில் தன்னைத் துன்புறுத்தியதைப் பற்றி அவன் புகார் சொன்ன பிறகு நடந்தது அது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புகார் சொன்னால் பாதுகாப்பு என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு நாங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் நிறக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைப் பள்ளிகளில் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நெற்றித் திலகத்தில் கை வைக்கலாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. கயிற்றை அறுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அறுத்தே ஆக வேண்டும். ஆனால் கயிறு போனால் சைக்கிளில் ஸ்டிக்கர் வரும், சைக்கிள் போனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரும். கையில் கட்டியதை அவிழ்த்த பிறகு அந்தக் கைக்கு வேறு ஏதாவது பிடிக்கக் கொடுக்க வேண்டும்.

எனக்குக் கொடுக்க இருந்தது கபடி. டி.வி.யில் பார்ப்பவர்களுக்குக் கபடி என்றால் ரைடரின் ஆட்டம். உள்ளே ஆடியவர்களுக்குத் தெரியும், அது கைகோத்து நிற்பவர்களின் ஆட்டம். கார்னரில் நிற்பவனும் அவனுக்கு அடுத்த ‘இன்’னும் ஒருவர் விரலுக்குள் ஒருவர் விரலைக் கோத்துப் பிடிக்க வேண்டும். எதிரணி ரைடர் பாடிக்கொண்டு வரும்போது கண் முழுக்க அவன் காலில்தான் இருக்கும், பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்க்க முடியாது. அவன் பாயப் போகிறானா, பின்வாங்குகிறானா என்பது கையின் அழுத்தத்தில்தான் தெரியும். லேசாக இறுக்கினால் ‘இரு’, சுண்டினால் ‘விடு, போகிறேன்’. வியர்வையில் கை வழுக்கும். மண்ணைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டு மறுபடி கோத்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவனின் பயம் உள்ளங்கையில் தெரியும். ரைடர்கள் தடுப்பாட்டத்திலும் நிற்க வேண்டும். எங்கள் ரைடர் நிற்க வேண்டிய இடம் லெஃப்ட் இன். லெஃப்ட் கார்னரின் கையைத்தான் அவன் பிடித்தாக வேண்டும்.

முதல் வாரம் மணிக்கட்டைப் பிடித்தான், விரலைக் கோக்கவில்லை. அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நான் எதுவும் பேசவில்லை. கோத்த கைகளின் செயின் அறுந்து எதிரணி ரைடர் தப்பிய ஒவ்வொரு முறையும் விசில் ஊதி, இருவரையும் பழைய இடத்தில் நிறுத்தி, அதே ரைடை மறுபடி ஆடவைத்தேன். பையன்களுக்குத் தோல்வி பிடிக்காது, அதுதான் என் ஒரே நம்பிக்கை. வட்டாரப் போட்டி நெருங்கியபோது ஒரு மாலை விரல்கள் கோத்திருப்பதைப் பார்த்தேன். அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்கு அது கௌரவப் பிரச்சினையாகியிருக்கும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் வெவ்வேறு குழாயில்தான் தண்ணீர் குடித்தார்கள்.

கபடி மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. மைதானத்தில் கோத்த கை கோட்டைத் தாண்டினால் அவிழ்ந்துவிடுகிறது. ஜெயிப்பதற்காகப் பிடித்த கை அது. எதற்காகவும் இல்லாமல் ஒருவருக்காக நிற்பது என்றால் என்ன என்று அவர்கள் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே வடலூர் இருந்தது.

மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் ராமலிங்க அடிகள், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் 1867 மே மாதம் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வருகிறவர் எந்தச் சாதி, எந்த மதம், எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். ஆன்மிகம் என்பதை அவர் பசியில் தொடங்கினார் என்பதுதான் எனக்கு முக்கியம். ஜீவகாருண்யமே கடவுளை அடையும் வழி என்றார். அதிலும் எதிரில் இருப்பவனின் பசியை ஆற்றுவதை முதலில் வைத்தார். பிள்ளைகளுக்குத் தத்துவம் புரியாது, பசி புரியும். எங்கள் பிள்ளைகளில் பலர் காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வள்ளலார் புலால் மறுத்தவர். அவரைப் பற்றிப் பேசும் ஆசிரியர்கள் சிலர், கறி தின்பவன் இரக்கமற்றவன் என்கிற தொனியில் வகுப்பில் பேசிவிடுகிறார்கள். மாட்டுக்கறி சமைக்கிற வீட்டுப் பிள்ளை அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும். மற்ற பிள்ளைகளுக்குக் கேலி செய்யப் புதிதாக ஒரு காரணம் கிடைத்துவிடும். கருணையைக் கற்றுத்தரும் பெயரில் இதைச் செய்வதை நான் கடுமையாக எதிர்த்திருக்கிறேன்.

மாதப் பூசத்தன்று வடலூரில் கூட்டம் சேரும், பந்தி பரிமாற ஆள் வேண்டியிருக்கும். தலைமை ஆசிரியரிடம் அனுமதியும் பெற்றோரிடம் கடிதமும் வாங்கிக்கொண்டு, விடுமுறையில் வரும் பூச நாள்களில் கபடிப் பையன்களைக் கூட்டிப்போகத் தொடங்கினேன். பேச்சு, உபதேசம் எதுவும் கிடையாது. சாம்பார் வாளியையும் கரண்டியையும் கையில் கொடுத்து வரிசையில் விட்டுவிடுவேன். பரிமாறுவது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் செய்து பார்க்கட்டும். குனிய வேண்டும். இலையைப் பார்க்க வேண்டும், கையைப் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கிழவி போதும் என்று இலைமேல் கையை விரிப்பார். அதற்கு மேல் ஊற்றினால் விரலில் சுடும். இன்னொருவர் ஒன்றுமே சொல்லாமல் காலி இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு பூசத்தன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ரைடர் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவன், “சார், கேக்காம இருக்கறவங்களுக்குத்தான் சார் ரொம்பப் பசி” என்றான். எப்படிடா தெரியும் என்றேன். “ரெண்டாவது தரம் போட்டதும் அவங்கதான் சார் சீக்கிரம் சாப்டாங்க” என்றான். அடுத்தவனைப் படிக்கும் திறமை அவனுக்கு எப்போதும் இருந்ததுதான். அது முதல்முறையாக வேறு வேலைக்குப் பயன்பட்டிருந்தது.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவாலி 1990களிலிருந்து செய்துவரும் ஆய்வுகள் சுற்றி நிற்கும் பிள்ளைகளைப் பற்றியவை. அடிப்பவன், அடிபடுபவன் தவிர, கூடச் சேர்கிறவன், சிரித்து ஏற்றிவிடுகிறவன், விலகிப் போகிறவன், காப்பாற்ற வருகிறவன் என்று மற்றப் பிள்ளைகள் எடுக்கும் வேடங்களை அவர் பிரித்துக் காட்டினார். அங்கே உருவான ‘கீவா’ திட்டம் இந்தச் சுற்றி நிற்பவர்களைத்தான் மாற்றப் பார்க்கிறது. சண்டைக்கு வட்டம் வேண்டும் என்பது மைதானத்தில் நின்றவனுக்குப் புதிதில்லை. பார்க்க ஆளில்லாவிட்டால் பாதிச் சண்டை நடக்காது.

அந்த வட்டத்திலிருந்து ஒருவன் வெளியே வந்ததையும் பார்த்தேன். மாசி மாதம், ஊர்த் திருவிழா நெருங்கிய சமயம். இரண்டு தெருவுக்கும் பேனர் வைப்பதில் ஏதோ தகராறு. ஒரு சாயங்காலம் நான் அறையைப் பூட்டும்போது ரைடர் வந்து நின்றான். “சார், நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல எங்க தெரு அண்ணனுங்க நிப்பாங்க. அவன அந்தப் பக்கம் போவ வேணாம்னு சொல்லுங்க.” யாரை என்று கேட்டேன். லெஃப்ட் கார்னரின் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரை அவன் வாயால் நான் கேட்டது அன்றுதான். “நான் சொன்னன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். எங்க ஊட்டுலயே சேத்துக்க மாட்டாங்க” என்றான். கண்ணில் பயம் இருந்தது, உண்மையான பயம். அன்றிரவே பையனின் அப்பாவைப் போய்ப் பார்த்தேன், தலைமை ஆசிரியர் காவல் நிலையத்தில் சொன்னார், மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. யார் சொன்னது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் ஆகவில்லை. பத்தாம் வகுப்பு முடித்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள். தன் ஆட்களுக்கு எதிராக, தனக்கு எந்த லாபமும் இல்லாமல், ஒருவனுக்காகப் பயந்துகொண்டே வந்து நின்றானே, அதைவிடப் பெரிதாக ஒரு பள்ளிக்கூடம் எதைக் கற்றுத்தர முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களைக் கலந்து குழுக்களாக்கி, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பெயர் வைத்து ‘மகிழ் முற்றம்’ என்ற திட்டத்தை அரசுப் பள்ளிகளில் 2024இல் தொடங்கியிருக்கிறார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்னும் மாறவில்லை. கயிறும் தெருவும் ஒரு பையனின் தலைக்குள் வேகமாக ஏறுகிற வயது அது. அந்த வயதில்தான் அவனை நாலு சுவருக்குள் உட்காரவைத்து மாதிரித் தேர்வு எழுதவைக்கிறோம்.

தலைமை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன், அந்தப் பீரியட்களைத் தொடாதீர்கள். புதிதாக வேலைக்கு வரும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒன்று: அணி பிரிக்கும் வேலையைப் பையன்களிடம் விடாதீர்கள், கேப்டனிடமும் விடாதீர்கள். விட்டால் தெருவாரியாகத்தான் பிரிந்து நிற்பார்கள். யார் கையை யார் பிடிக்க வேண்டும் என்ற பட்டியலை முந்தின நாள் இரவே நீங்கள் எழுதி எடுத்து வாருங்கள்.